தொப்பிய மறந்த அண்டைக்குத்தான் டிரைவர் ஏறிச்சு

என்ட லினக்ஸ் மெஷினுக்கு ஒருமாதிரி க்ராஃபிக்ஸ் டிரைவர் ஏறிட்டு!

(வாழ்த்து வேணாம். முழுசா வாசிங்க.)

தெரியாதவங்களுக்கு: நான் மாம்புரில வீட்டோட இருந்து கலியாண வீடியோ எடிட் பண்ற ஆள். முந்தி வச்சிருந்த சிஸ்டத்துல வேல நடுவுல நீல ஸ்க்ரீன் வந்து எல்லாம் போயிடும். அந்த நேரம் நான் கத்துற கத்துல பக்கத்து வளவுக் கோழியெல்லாம் வேலிக்கு அங்கால போயிடும்.

அதாலதான் லினக்ஸுக்கு மாறினன். மாறின அண்டைக்கு வைஃபுக்கு ஒரு வாக்கும் குடுத்தன், இனி நம்மட வீட்டுல நீலம் வராது எண்டு.

(இத ஞாபகம் வச்சிக்கங்க.)

இந்த முறை கையில இருந்த வேல வெளி ஆக்கள்ட இல்ல. வைஃப்ட தங்கச்சிட கலியாணம்.

மாமா, அதாவது வைஃப்ட வாப்பா, குவைத்ல ஒரு ஹோட்டல் குசினில வேல செய்றாரு. லீவு கிடைக்கல்ல. நிக்காஹ்ல மாப்பிள்ளட கையப் பிடிச்சு மகளக் குடுக்க வேண்டியவரு, அந்தப் பொறுப்பத் தன்ட தம்பிக்கு ஃபோன்ல குடுத்துட்டு அடுப்படிக்குப் போயிட்டாரு.

அவருக்கு வெள்ளிக்கிழமதான் ஓய்வு. அண்டைக்கு ரூம்ல இருக்கிற எல்லாரையும் இருத்தி வச்சி வீடியோவப் போடுவன் எண்டு அவங்களுக்குச் சொல்லிட்டாராம். எங்கட்ட மட்டும் 'வீடியோ எங்க மகன்' எண்டு ஒரு நாளும் கேக்கல்ல.

கேட்டிருந்தா கூடச் சுகமா இருந்திருக்கும்.

நம்மட உப்புக் காத்துக்கு மெஷின்ல படத்த ஓட்டுற பழைய க்ராஃபிக்ஸ் கார்ட் துருப்பிடிச்சுச் செத்துட்டு. புதுக் கார்ட் வாங்கினன். (செகண்ட் ஹேண்ட். நமக்குப் புதுசு.) அத மெஷினுக்கு அறிமுகப்படுத்துற டிரைவரப் போட்டன். ரீஸ்டார்ட் குடுத்தன். எடிட்டிங் சொஃப்ட்வெயாரத் தொறந்தா, கார்டே இல்லயாம்.

மூடியக் கழட்டிப் பாத்தன். கார்ட் இருக்கு.

டிரைவர அழிச்சன், திருப்பிப் போட்டன். பழைய வேர்ஷன், புது வேர்ஷன், யாரோ ஒருத்தர் ஃபோரத்துல 'இது எனக்கு வேல செஞ்சிச்சு' எண்டு எழுதின வேர்ஷன். ஒண்டும் சரிவரல்ல.

கனமூலைல இருக்கிற கூட்டாளி ஒருத்தன் இதுல கெட்டிக்காரன். அவனுக்குக் கோல் எடுத்தன். விசயத்த விளங்கப்படுத்தினான். மெஷின்ல ஒரு பூட்டு இருக்காம், வெளியால இருந்து வாற டிரைவர சும்மா உள்ள எடுக்காதாம். அதாலதான் போடக்கொள்ள ஒரு பாஸ்வேர்ட் கேக்குதாம். ரீஸ்டார்ட் ஆகக்கொள்ள ஒரு நீல ஸ்க்ரீன் வரும், அதுல அதே பாஸ்வேர்ட அடிச்சு 'இது நம்மட ஆள்தான்' எண்டு சொன்னாத்தான் சேர்க்குமாம்.

பாஸ்வேர்ட் கேட்டது உண்மதான். நான் குடுத்ததும் உண்மதான்.

"நீலம் வந்திச்சா?"

"வரல்ல மச்சான்."

"வந்திரிக்கணும்."

"வரல்ல எண்டுறன்."

"அப்ப நீ எங்க பாத்துக்கொண்டு இருந்த?"

எனக்குக் கோவம் வந்திச்சு. ஏனெண்டா நான் எங்கயும் பாத்துக்கொண்டு இருக்கல்ல.

என்ட ஹார்ட் டிஸ்க் கிழடு. ரீஸ்டார்ட் போட்டா அது எழும்பி வர ஒரு யுகம் போகும். அதால பாங்கு கேட்டதும் ரீஸ்டார்டக் குடுத்துட்டு பள்ளிக்குப் போயிடுவன். தொழுதுட்டு வந்தா மெஷின் ரெடி. (நானே கண்டுபிடிச்ச முறை. நாலு பேருக்குச் சொல்லியும் குடுத்திருக்கன்.)

கூட்டாளிக்கு அதச் சொல்லல்ல.

வியாழக்கிழம பின்னேரம், அஸர் பாங்கு. திருப்பி டிரைவரப் போட்டு ரீஸ்டார்டக் குடுத்துட்டு கேட் மட்டும் போனன். தலையத் தடவினா தொப்பி இல்ல. திரும்பி வந்தன்.

மெஷினுக்கு முன்னால கதிரைல வைஃப் இருக்கா. ஸ்க்ரீன் முழுக்க நீலம்.

அவ பதறல்ல. ஒரு கீய அமத்தினா, லிஸ்ட் ஒண்டு வந்திச்சு. முதலாவது வரி 'கன்டினியூ பூட்', ஒண்டையும் சேர்க்காம அப்படியே மேல போ எண்டு. என்டர அமத்தினா. நீலம் போயிட்டு. பழகின கை.

என்ன செய்றீங்க எண்டு கேட்டன். திடுக்கிட்டு எழும்பினா.

"இது ஒவ்வொருக்காவும் வருது. வராது எண்டு எவ்வளவு நம்பி மாறினீங்க. கண்டா மனசு உடஞ்சு போயிடுவீங்க எண்டுதான், நீங்க வர முந்தி அமத்தி விடுறன்."

நான் கத்தல்ல. கத்துறதுக்கு ஒண்டும் இருக்கல்ல. தன்ட வாப்பா பாக்க வேண்டிய வீடியோவ, என்ட மனசுக்காக, தானே தடுத்துக்கொண்டு இருந்திருக்கா. அத விளங்கப்படுத்தினதும் அவட முகம் செத்துட்டு. பாவமாப் போயிட்டு எனக்கு.

தொழுதுட்டு வந்து இன்னொருக்காப் போட்டன். இந்த முறை ரெண்டு பேரும் முன்னால இருந்தம். நீலம் வந்திச்சு. ரெண்டாவது வரி, சேர்க்கச் சொல்றது. பாஸ்வேர்ட். சொஃப்ட்வெயாரத் தொறந்தா கார்ட் பேர் சொல்லிக்கொண்டு நிக்கிது!

அண்டைக்கே வீடியோவ முடிச்சு, வட்ஸ்அப்ல ஃபைலா அனுப்பினன்.

வெள்ளிக்கிழம பின்னேரம் மாமாட வொய்ஸ் வந்திச்சு. ரெண்டு பேரும் இருந்து கேட்டம்.

"மகன், எல்லாம் நல்லா இரிக்கி. இங்க நெட் கொஞ்சம் ஸ்லோ, நிண்டு நிண்டுதான் பாத்தம். தம்பி மாப்பிள்ளட கையப் பிடிக்கிற இடத்துலதான் கன நேரம் நிண்டுட்டு."

"ஓம், அங்க நெட் சரியில்லதான்" எண்டா வைஃப்.

நான் அனுப்பினது லிங்க் இல்ல. ஃபைல். முழுசா இறங்கினாத்தான் ஓடும். இறங்கினதுக்குப் பிறகு நெட்டே தேவல்ல. யாரும் நிப்பாட்டாம அது தானா நிக்காது.

மாமாவுக்கு அத நான் சொல்லல்ல. வைஃபுக்கும் சொல்லல்ல. ஓம், நெட் சரியில்லதான் எண்டன்.

நானும் 'கன்டினியூ பூட்' அமத்திட்டன்.