என் அக்காள் பேசிய தெலுங்கு

கோணிச் சாக்கின் நார் தொடையில் குத்துவதும், அதில் ஊறியிருந்த பிண்ணாக்கு வாடையுமே பள்ளிக்கூடத்தைப் பற்றிய என் முதல் நினைவு. நாமக்கல்லுக்கு மேற்கே, எங்கள் ஊர்ப் பள்ளியில் மற்றப் பிள்ளைகள் பலகையில் அமர, அருந்ததியர் தெருவிலிருந்து வந்த நானும் அக்காள் ராமக்காவும் வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கை விரித்துக் கடைசியில் அமர்ந்தோம். தண்ணீர்ப் பானையை நாங்கள் தொடக்கூடாது. யாராவது சொம்பிலிருந்து ஊற்றினால் கையேந்திக் குடிக்கலாம்.

எங்கள் வீட்டுமொழி தெலுங்கு. ஒருநாள் ஊற்ற ஆள் வந்ததைக் கண்ட அக்காள், தூரத்தில் நின்ற என்னை "ரா, நீளு தாகு" என்று கூவி அழைத்தாள். வந்து தண்ணீர் குடி என்றாள், அவ்வளவே.

"டேய் நீளு, உங்கக்கா கூப்புடறா, ஓடு!" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். அன்றுமுதல் 'நீளு' என் பெயராயிற்று. வாத்தியார் எங்களிருவரையும் வெயிலில் மண்டியிட வைத்து, "ஊட்டுப் பேச்ச ஊட்டோட வெச்சுக்கோணும், தெரியுதா?" என்றார்.

வீட்டிலும் அது வேண்டாமென்று அன்று மாலை அப்பா முடிவெடுத்தார். "நாளைக்கு வெளியூருக்குப் படிக்கப் போனா, வாயத் தொறந்ததும் இன்னாருன்னு கண்டுக்குவாங்க சாமி. இனித் தமிழே பேசுங்க." பண்ணையக்காரரிடம் பேசுவதற்கென்றே வைத்திருந்த தமிழில் அதை எங்களிடம் சொன்னார். நான் கீழ்ப்படிந்து, விடுதிக்குப் போய், படித்து, கல்லூரியில் தமிழ் இலக்கியம் கற்பித்து ஓய்வுபெற்றேன். தமிழ்மீது எனக்குக் குறையேதும் இல்லை. வெயிலில் மண்டியிட்ட ஆண்டே படிப்பை விட்டுக் காட்டுவேலைக்குப் போன அக்காள் தெலுங்கை விடவில்லை. என்னிடம் மட்டும், விருந்தாளிக்கு இலை போடுவதுபோல், தமிழில் பேசினாள்.

சென்ற மாதம் அவள் இறந்தாள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் போர்த்தும்போது உடன்பிறந்தவன் அவளிடம் ஏதேனும் சொல்லி விடைகொடுப்பது எங்கள் வழக்கம். சேலையோடு நின்றேன்.

"சொல்லுங்க மாமா, அம்மாவுக்குக் கேக்கும்" என்றாள் அக்காள் மகள்.

நெஞ்சில் வந்ததெல்லாம் திருத்தமான தமிழாகவே வந்தது. அவள் பேச்சில் ஒரு வாக்கியமும் எனக்குக் கூடவில்லை. போர்த்திவிட்டு விலகினேன்.

தெருவில் இன்று தெலுங்கில் ஒப்பாரி வைக்கத் தெரிந்தவர்கள் மூன்று கிழவிகளே. பேரப்பிள்ளைகள் ஆங்கிலவழி விடுதிகளில் இருக்கிறார்கள். அம்மூவரும் அழுது பாடியதில் ஓரிடத்தில் என் பெயர் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் அவளிடம் என்ன சொன்னார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.