இடைவேளை வரைக்கும் பார்த்த படம்

கோலி சோடா பாட்டிலின் குண்டைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளும்போது கீச்சென்று ஒரு சத்தமும், அதன் பின்னாலேயே புஸ்ஸென்று ஒரு சத்தமும் வருமே, அதைக் கேட்டால் மற்றவர்களுக்குத் தாகம் எடுக்கும். எனக்கு எங்கள் சின்னம்மாவின் கல்யாணம் ஞாபகம் வரும்.

சின்னம்மா என்றால் என் அம்மாவின் தங்கை செல்வி. இரண்டு இடத்திலிருந்து அவளை வந்து பார்த்துவிட்டு, கேசரியும் பஜ்ஜியும் தின்றுவிட்டு, "சொல்லி அனுப்பறோமுங்க" என்று போனவர்கள், போனவர்கள்தான். தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்திருந்ததால், தண்ணீர் பிடிக்கப் போகிற இடத்தில் "என்னா செல்வி, சேதி வந்துச்சா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே அவள் இளைத்துப் போனாள். பாலக்கோட்டிலிருந்து மூன்றாவதாக ஒரு வரன் வந்தபோது, "இன்னொரு தடவ தட்டத் தூக்கிக்கிட்டு வந்து நிக்க மாட்டேன். இதுவும் தட்டிப்போச்சுன்னா எனக்குக் கல்யாணமே வாணாம், வுட்டுடுங்க" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்கிறவள் என்பது அம்மாவுக்குத் தெரியும்.

அப்படித்தான் "கொட்டாயில பாக்கறது" என்ற ஏற்பாட்டுக்கு வந்தார்கள். கொட்டாய் என்றால் சினிமாக் கொட்டகை. இரண்டு வீட்டாரும் ஒரே படத்துக்குத் தனித்தனியாகப் போவார்கள், இடைவேளையில் தற்செயலாகச் சந்தித்ததுபோல "அட, நீங்களுமா!" என்று வாயைப் பிளப்பார்கள், பெண்ணும் பையனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பிடித்துப்போனால் மேற்கொண்டு பேச்சு, பிடிக்காவிட்டால் ஒரு படம் பார்த்ததாகப் போய்விடும். தெருவுக்கு ஒன்றும் தெரியாது.

படத்தை முடிவு செய்தவர் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன். போஸ்டரைப் பார்த்தே கதையைச் சொல்லிவிடுவேன் என்பது அவருடைய வாழ்நாள் பெருமை. மாரண்டஹள்ளிக் கொட்டாய்க்கு அந்த வாரம் வந்திருந்த படத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை, ஊரில் யாரும் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவும் இல்லை. போஸ்டரில் ஒரு புருஷன் தன் பெண்டாட்டிக்குப் பால் தம்ளரை நீட்டிக்கொண்டிருந்தான். "சுத்தமான குடும்பப் படம். பொம்பளைங்க கண்ணத் தொடைக்க ஒரு துணி எடுத்துக்குங்க" என்றார் மாமா.

மேட்னி ஷோ. பாலக்கோட்டு வீட்டார் எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். படத்தில் புதுப்பெண் ஒருத்தி ஒரு பெரிய வீட்டுக்கு வாழ வந்தாள். அவள் புருஷன் அதிர்ந்து பேசாதவன், எப்போது பார்த்தாலும் "சாப்டியாம்மா?" என்று கேட்பவன், தொழில் மருந்துக் கடை. எங்களுக்கு வந்திருந்த மாப்பிள்ளையும் பாலக்கோட்டில் மருந்துக் கடைதான் வைத்திருந்தார் என்பதால், மாமா பூரித்துப்போய்ச் சின்னம்மா பக்கம் குனிந்து, "பாத்தியா, அப்படியே நம்ம மாப்ள!" என்றார்.

அதற்கப்புறம்தான் விபரீதம் ஆரம்பித்தது. அந்தப் பெண் ராத்திரி பால் குடித்துவிட்டுத் தூங்குவாள்; காலையில் எழுந்தால் கால் முழுக்கச் சேறாக இருக்கும். பரணில் முதல் பெண்டாட்டியின் போட்டோ கிடைத்தது, முகம் மட்டும் சுரண்டப்பட்டிருந்தது. பித்துப் பிடித்திருப்பது தனக்கா, புருஷனுக்கா என்று அவளுக்கே விளங்கவில்லை. இதை உளவியல் த்ரில்லர் என்று சொல்ல இன்று எனக்குத் தெரியும். அன்று எங்களிடம் இருந்தது பயம் மட்டும்தான். சின்னம்மா என் கையைப் பிடித்த பிடியில் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது. கடைசியில் அந்தப் பெண் பாலைக் குடிக்காமல் பூந்தொட்டியில் ஊற்ற, விடிந்து பார்த்தால் செடி கருகிக் கிடந்தது. அவளுக்குப் பின்னால் புருஷன் வந்து நின்று, சிரித்துக்கொண்டே, "பால் குடிச்சியாம்மா?" என்றான். இடைவேளை.

பேயறைந்த மாதிரி வெளியே வந்தோம். மாமா மட்டும் கடமை தவறாமல் "அட, நீங்களுமா!" என்றார். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்ல படமுங்க" என்றார். வெள்ளைச் சட்டையும் மெல்லிய குரலுமாக மாப்பிள்ளை முன்னால் வந்தார். உலகத்தில் கேட்பதற்கு எத்தனையோ இருக்க, பாவம், "சாப்டீங்களா?" என்று கேட்டார். சின்னம்மா பின்வாங்கி அம்மாவின் காலை மிதித்தாள்.

அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கடைக்குப் போய்க் "கலர்" ஒன்றை உடைத்து வாங்கி வந்தார். அந்த ஆரஞ்சு சோடாவுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். சின்னம்மாவிடம் நீட்டினார். அவள் பாட்டிலைப் பார்த்தாள், கை எழவில்லை. அம்மா இடுப்பில் கிள்ளியும் எழவில்லை. "பொண்ணுக்கு மனசில்லன்னா சொல்லிடுங்க, ஒண்ணும் தப்பில்ல" என்று அவருடைய அம்மா முகம் சுருங்கினார். சின்னம்மாவின் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. மாப்பிள்ளை கொட்டாய்க்குள் வரும்போதே அவளுக்குப் பிடித்துவிட்டதாம், அதனால்தான் அத்தனை பயமாம். இது அவள் பிற்பாடு சொன்னது.

மாப்பிள்ளை பாட்டிலைப் பார்த்தார், சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்தார். பாட்டிலை வாயில் வைத்து ஒரு வாய் குடித்தார். "பாருங்க, நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். சந்தேகம்னா இன்னும் கொஞ்ச நேரம்கூடப் பாத்துட்டுக் குடிங்க" என்று திரும்ப நீட்டினார்.

இப்போது வேறொரு பூகம்பம். தாலி ஏறாத பெண் ஓர் ஆண்பிள்ளையின் எச்சிலைக் குடிப்பதாவது! "டேய், எச்சிடா!" என்று அவருடைய அம்மா அலற, "வெச்சிடுங்க தம்பி, வேற வாங்கிக்கலாம்" என்று மாமா குறுக்கே பாய, சின்னம்மா அதற்குள் பாட்டிலை வாங்கி, கோலி கடகடவென்று உருள, ஒரே மூச்சில் குடித்து முடித்திருந்தாள். அதற்குமேல் சம்மதம் கேட்க என்ன இருக்கிறது?

மணி அடித்தது; யாரும் உள்ளே போகவில்லை. சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாகவே நின்று நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள். மீதிப் படத்துக்காக நான் அழுத அழுகைக்கு, "கொலகாரன் எங்க போயிடப் போறான், அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார் மாமா. அடுத்த வாரம் வேறு படம் ஓடியது.

இப்போது அந்தக் கொட்டாய் இல்லை. அந்த இடத்தில் தக்காளி ஏற்றும் பிளாஸ்டிக் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பெண்ணும் பையனும் செல்போனிலேயே பார்த்துக்கொள்வதால் "அட, நீங்களுமா!" என்று நடிக்கவும் யாருக்கும் வேலை இல்லை. ஒன்று மட்டும் மாறவில்லை. காபியோ இளநீரோ, சித்தப்பா இன்றைக்கும் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் சின்னம்மாவிடம் கொடுப்பார். விருந்தாளிகள் முகத்தைச் சுளித்தால், "மருந்துக் கடைக்காரனாச்சேங்க" என்பார்.

போன மாதம் எப்படியோ அந்தப் படத்தைச் செல்போனில் தேடிக் கண்டுபிடித்து, பெருமையாகப் பாலக்கோட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். சித்தப்பா ஆசையாக மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சின்னம்மா வந்து செல்போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"வாணாம் கண்ணு. அந்தப் புருசன் நல்லவன்னு படம் முடிஞ்சிட்டா, நாளைக்கே இவரு வாய் வெக்காமக் குடுத்துடுவாரு."

சித்தப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.