தேயிலைத் தொட்டியில் உலர்ந்த படங்கள்

பொது வரலாற்றில் முதுகலை சேர்ந்திருக்கிறேன் என்றதும் மஞ்சூரில் அம்மா கேட்ட முதல் கேள்வி, "படிச்சு முடிச்சா என்ன வேலைங்கறே?" என்பதுதான். ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம் என்று நான் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பழசத் தொடச்சு வெக்கற வேலையா?" என்றாள். பாதி சரிதான்.

கடைசி ஆண்டில் பயிற்சிக்காக, என்னையும் ஓவேலியைச் சேர்ந்த என் வகுப்புத் தோழியையும் குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே காப்பாளராக இருந்த அம்மையார் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர், கண்டிப்பானவர். கையுறை இல்லாமல் எங்களைக்கூட அங்கிருந்த ஒரு புகைப்படத்தைத் தொட விடமாட்டார். பார்க்க வருகிறவர்கள் கண்ணாடியிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் நிற்க வேண்டும். பல நாள் யாரும் வருவதுமில்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை கதவைத் திறந்தால், பின்னறைக் கூரை ஒழுகி, பழைய புகைப்படப் பெட்டிகள் ஊறிக் கிடந்தன. காப்பாளர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒன்னோடொன்னு ஒட்டிக்கிட்டா அப்புறம் பிரிக்க ஏலாது மேடம். எந்திரிங்க" என்றாள் தோழி. அவளுடையது சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். பதற்றத்தில் அவளுக்கு வீட்டுப் பேச்சு வந்துவிடும்.

ஈரப் படங்களைத் தனித்தனியாகப் பரப்பிக் குளிர்ந்த காற்றில் உலர்த்த வேண்டும், சூடு கூடாது என்று வகுப்பில் படித்திருந்தோம். பரப்ப இடம்தான் இல்லை. வெளியே மூடுபனி. சரிவுக்குக் கீழே இருந்த தேயிலை ஃபாக்டரிக்கு ஓடினேன். அங்கே தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மாடியில பழைய ட்ரஃப் ஒன்னு சும்மாதானுங்க கெடக்குது. காத்துதான வேணும்? கொண்டாங்க."

பறித்த இலையை வாட்டுகிற நீளமான கம்பிவலைத் தொட்டி அது. அடியிலிருந்து விசிறி காற்றை ஊதும். படங்களைப் பரப்பி விசிறியைப் போட்டதும், அரைகுறையாகக் காய்ந்திருந்தவை எழும்பிப் பறந்தன. மீசை வைத்த துரை ஒருவர் போய்த் தோழியின் தோளில் ஒட்டிக்கொண்டார். டீ மேக்கர் காற்றைக் குறைத்துவிட்டு, மேலே போர்த்த நைலான் வலை கொண்டுவந்தார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஃபாக்டரிப் பெண்கள் மாடியேறி வந்தார்கள். "தொடாதீங்க!" என்று காப்பாளர் கையை நீட்டினார். எல்லோரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொட்டியை ஒட்டி மெல்ல நடந்தார்கள். வளைவில் ஏறும் பேருந்துப் படம் ஒன்றின் முன்னால் ஒரு பெண் நின்றுவிட்டார்.

"ஏனுங்க, இது குந்தா ரோடுதானுங்களே? இந்த மாதிரி பஸ்ஸுலதானுங்க என்ற மூத்தவன் பொறந்தான்."

"பஸ்ஸிலயா?" என்றார் காப்பாளர்.

"ஆமாங்க. வண்டிய ஓரங்கட்டி, ஆம்பளைங்கள எல்லாம் எறக்கி விட்டுட்டாங்க. நனைஞ்சுக்கிட்டே நின்னாங்க, பாவம். கொழந்த அழுத சத்தம் கேட்டதும் டிரைவர் ஹாரன் அடிச்சாரு பாருங்க, மலையே முழிச்சிருக்கும்!"

மாடி முழுக்கச் சிரிப்பு. காப்பாளரும் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "இன்னும் சொல்லுங்க" என்று ஒரு சாக்குக்கட்டின் மேல் உட்கார்ந்தார்.

மறுநாள் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். படங்கள் காய்ந்த பிறகும் காப்பாளர் எடுத்துவைக்கச் சொல்லவில்லை. "இன்னும் ஈரம் இருக்கு" என்றார். தொட்டுப் பார்த்த எனக்குத் தெரியும், ஈரமே இல்லை. விசிறியை அணைக்காமல் விட்டேன்.

சில படங்களில் முகங்கள் கரைந்தே போய்விட்டன. அவற்றை நினைத்தால் இப்போதும் வருத்தம்தான். மீதியை வைத்து, பயிற்சி முடியும் முன் ஒரு கண்காட்சி நடத்தினோம். பேருந்துப் படத்துக்குக் கீழே முன்பு 'மலைப்பாதை' என்று மட்டும் இருந்தது. இப்போது அந்தப் பெண் சொன்ன கதை அவர் சொற்களிலேயே இருந்தது. மீசை நரைக்கத் தொடங்கிய அந்த மூத்த மகனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். "அம்மா ஊருக்கே சொல்லிருச்சுங்களா?" என்று மகன் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார்.

நான் இப்போது சென்னையில், வெப்பமும் ஈரமும் அளந்து வைத்த ஒரு காப்பகத்தில் இருக்கிறேன். ஜன்னல் திறப்பதே இல்லை. மழை பெய்வதுகூட வெளியே வந்த பிறகுதான் தெரியும். குன்னூரில் இப்போது தோழிதான் காப்பாளர். ஐப்பசி பிறந்தால் அவளைப் போனில் கூப்பிட்டுவிடுவேன். போன வாரமும் கூப்பிட்டேன்.

"அப்புறமாப் பேசறேன்டி, படம் பாக்க ஆளுங்க வந்திருக்காங்க" என்று வைத்துவிட்டாள்.