அம்மா தைத்த டீசல் ஃபில்டர்

சாந்தன்பாறைக்குப் பக்கத்தில் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் அப்பா லாரி ஓட்டினார். லாரி கம்பெனியுடையது என்பதை அப்பா மட்டும் மனதார ஒப்புக்கொண்டதே இல்லை. ஆயில் மாற்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் காக்கிக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு லாரிக்கு அடியில் நுழைந்துவிடுவார். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடேற்றிய பிறகுதான் அடியிலிருக்கும் போல்ட்டைத் திறப்பார். சூடாக இருந்தால்தான் கசடெல்லாம் சேர்ந்து வருமாம். கறுப்பாக வழியும் ஆயிலை இரண்டு விரல்களுக்கிடையே தேய்த்து, முகர்ந்து, கொஞ்ச நேரம் யோசிப்பார். அம்மா வைத்த குழம்பை அவர் இத்தனை அக்கறையாகப் பார்த்ததில்லை என்று சித்தி சொல்வாள்.

பழைய ஆயிலும் வீணாகாது. கதவிலும் வேலிக் கம்பிலும் பூசினால் கரையான் ஏறாது என்று தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீடுகளிலிருந்து ஆளாளுக்கு டப்பாவோடு வந்து நிற்பார்கள். எங்கள் லயம் முழுக்க அப்பாவின் லாரி வாசம் அடித்தது. எனக்கு அது பெரிய பெருமை. அப்போது நான் இரண்டாம் வகுப்பு.

எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் சித்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. சித்தி அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். மாப்பிள்ளைக்கு மலைக்குக் கீழே போடிநாயக்கனூர். கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. திங்கட்கிழமை காலைப் பூசையில் கல்யாணம். அந்த வாரத்தை விட்டால் திருவருகைக் காலம் தொடங்கிவிடும். கிறிஸ்துமஸ் முடியும்வரை கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள்.

மழை இதையெல்லாம் கேட்டுக்கொண்டா பெய்யும்? போடிமெட்டுக்குக் கீழே மண் சரிந்து பஸ் நின்றுபோனது. பாதி ரோட்டில் மட்டும் மண்ணை ஒதுக்கிச் சரக்கு லாரிகளை விட்டார்கள். ஏலக்காய் மூட்டைகளோடு கல்யாணக் கூட்டத்தையும் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று மானேஜர் அனுமதி கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை காலையிலேயே அப்பா லாரியைத் தயார் பண்ண ஆரம்பித்தார். ஆயில் மாற்றினார். காற்று ஃபில்டரைக் கழுவினார். கடைசியாக டீசல் ஃபில்டரைத் திறந்தார். எஸ்டேட்டுக்கு டீசல் பேரலில்தான் வரும். அந்த மழையில் பேரலுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. ஃபில்டர் கிண்ணத்தின் அடியில் தண்ணீரும் துருவும் கஞ்சி மாதிரி தேங்கிக் கிடந்தன. லாரியில் வரிசையாக இரண்டு ஃபில்டர்கள். முதலாவது கெட்டித் துணியில் தைத்தது. கழுவிக் கழுவித் திரும்பப் போடலாம். இரண்டாவது காகிதம், அதைக் கழுவ முடியாது. அப்பா துணி ஃபில்டரை நல்ல டீசலில் முக்கிக் கசக்கினார். எத்தனை தடவை கழுவியதோ, அது கையோடு கிழிந்து வந்துவிட்டது.

எஸ்டேட் ஸ்டோரில் மாற்று இல்லை. போடியில் கிடைக்கும். போடிக்குப் போக லாரி வேண்டும். கிழிந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படிச் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அம்மா வந்து எட்டிப் பார்த்தாள்.

“இது வெறும் துணிதான?”

“துணிதான். இது இல்லாட்டி அழுக்கெல்லாம் நேரா அடுத்ததுல போய் அடைச்சுக்கிரும். வண்டி பாதி மலையில நிண்டுரும்.”

அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பாவாடை சட்டை தைத்துக் கொடுப்பவள் அவள். ஊக்கை எடுத்துத் தையலைப் பிரித்து, துண்டுகளைத் தரையில் விரித்துக் கையால் நீவினாள்.

“தலகாணி உறைதான இது? உள்ள பஞ்சுக்குப் பதிலா கம்பிக் கூடு. கம்பளியில தச்சா ஆகாதா?”

அப்பா நிமிர்ந்து பார்த்தார். எஸ்டேட்டில் எல்லாருக்கும் குளிருக்குக் கம்பளி கொடுத்திருந்தார்கள். ஆனால் புதுக் கம்பளி பிசிறு விடும், மயிரெல்லாம் உதிர்ந்து நைந்ததுதான் வேண்டும் என்றார் அப்பா. வீட்டிலேயே மிக நைந்தது என்னுடையது. நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூலையில் போய் நின்றேன்.

“நீ குடுக்குற கம்பளியிலதான்டி சித்தி கல்யாணத்துக்கே போகப்போறா” என்றாள் அம்மா.

அடுத்த நிமிஷம் கம்பளி அவள் கையில் இருந்தது.

இரட்டையாக மடித்து அம்மா தைத்த முதல் உறை சரிப்படவில்லை. எஞ்சின் கிளம்பியது, ஆக்சிலேட்டரை மிதித்ததும் திணறி அணைந்தது. டீசல் போதவில்லை என்றார் அப்பா. அம்மா மறுபடி உட்கார்ந்து ஒற்றையாக வெட்டித் தைத்தாள். இரண்டு நுனிகளையும் அப்பா நூலால் இறுகக் கட்டினார். திருகைத் தளர்த்திவிட்டுக் கைப் பம்பை அமுக்கினார். உள்ளே சிக்கிய காற்றோடு டீசல் நுரைத்து நுரைத்து வந்தது. குமிழி முழுக்க நின்று தெளிவாக ஒழுகிய பிறகு திருகை முடுக்கினார். இம்முறை எஞ்சின் ஒரே சீராக ஓடியது. மூட்டைகளோடு பங்களா ஏற்றம்வரை ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பினார் அப்பா. இறங்கும்போது அவர் அம்மாவைப் பார்த்துச் சிரித்ததை நான் மட்டுமல்ல, லயமே பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் பெட்டி படுக்கையோடு லாரியைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். அப்போதுதான் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். எஸ்டேட்டில் கங்காணி. விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது.

“மாப்ள, கம்பளித் துணிய நம்பியா கல்யாணப் பொண்ண மலையெறக்கப் போற?”

“ஓட்டிப் பாத்துட்டேன் மச்சான். நல்லாத்தான் ஓடுது.”

“இங்க ஓடும். மண் சரிஞ்ச எடத்துல, அந்த வளைவுல, எஞ்சின் நிண்டுபோச்சுன்னா? ஒரு பக்கம் பள்ளம். கல்யாணத்த கிறிஸ்துமசுக்குப் பெறகு வச்சுக்கலாம். உசுரு முக்கியம்.”

லாரியில் ஏறப் பின்பலகையில் கால் வைத்திருந்த பெண்கள் காலை எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி தன் பிள்ளையைக் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டாள். சித்தி தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். அப்பாவின் முகம் சுருங்கிப்போயிற்று. ஓட்டுவதைப் பற்றி என்ன கேட்டாலும் அவரிடம் பதில் உண்டு. கேள்வி அம்மாவின் தையலைப் பற்றியது.

அம்மா நேராக என்னிடம் வந்து, என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, முன்கதவைத் திறந்து, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். என்னை மடியில் இருத்திக்கொண்டாள். பிறகு வெளியே தலையை நீட்டி, “ஏறு தாயி” என்றாள் சித்தியைப் பார்த்து.

சித்தி எங்கள் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். பின்னால் ஒவ்வொருவராக ஏறினார்கள். கடைசியில், திட்டிக்கொண்டே, மாமாவும் ஏறினார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. முன்சீட்டு! எங்கள் வகுப்பில் யாரும் அதில் உட்கார்ந்தது கிடையாது. பூப்பாறைக் கடைத்தெருவில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரையும் பார்த்துக் கத்தினேன்: “எங்கம்மா தச்ச ஃபில்டரு! என் கம்பளி!” சித்தி சிரித்துவிட்டாள். போடிமெட்டு ஏற்றத்தில் லாரி முனகிக்கொண்டே ஏறியது. அப்பா ரோட்டைப் பார்த்தாலும் காது எஞ்சினிடம்தான் இருந்தது. மேட்டில் நிறுத்தி, பானட்டைத் திறந்து, கிண்ணத்தில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு வந்தார்.

“துணி அப்பிடியே இருக்கு” என்றார் அம்மாவிடம்.

பிறகு இறக்கம். மண் சரிந்த இடத்தில் ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கியது. பின்னாலிருந்து யாரோ மாதாவைக் கூப்பிட்டார்கள். அப்பா கியரை மாற்றினார். எஞ்சின் ஒரு தடவைகூட விக்கவில்லை. வளைவுக்கு வளைவு அம்மாவின் கை என் வயிற்றை இறுக்கியது. வலிக்குது என்று நெளிந்தேன். அவள் விடவில்லை.

மறுநாள் பூசையில் சித்தி கழுத்தில் தாலி ஏறியது. பந்தியில் மாமா ஒவ்வொரு இலையாகப் போய், தன் தங்கச்சி தைத்த ஃபில்டரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் அவரே உட்கார்ந்து தைத்ததாக நினைத்திருக்கக்கூடும். அப்பா போடியில் புது ஃபில்டர் வாங்கினார். ஆனால் வாங்கியதைச் சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு, அம்மா தைத்ததோடுதான் மலையேறினார்.

பள்ளிக்கூடத்தில் நான் பல நாள் பேசியது அந்த முன்சீட்டைப் பற்றித்தான். கம்பளியைக் கொடுத்ததற்கு அம்மா எனக்குத் தந்த பரிசு அது என்று எல்லாரிடமும் சொன்னேன். அப்படியேதான் நம்பினேன். தன் தையலுக்குப் பிணையாக அன்று அத்தனை பேர் முன்னால் அம்மாவிடம் வைப்பதற்கு வேறு எதுவும் இல்லை, என்னைத்தான் வைத்தாள் என்பது, எனக்கே ஒரு மகள் பிறந்து அவளை மடியில் இருத்திக்கொண்டு ஒரு நாள் அந்த மலையில் இறங்கும்வரை எனக்குத் தெரியாது.