சுரேந்திரன் மனைவிக்கு அனுப்பிய மூன்று எண்கள்

கச்சால் தீவின் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய பொன்னுத்துரையின் மகன் சுரேந்திரன், போர்ட் பிளேரில் ஒரு கல்லூரியின் தற்காலிகக் கணித விரிவுரையாளர். ஒரு செய்தியை எண்களாக மாற்றி அனுப்பி, வழியில் அது கெட்டால் சேர்ந்த இடத்தில் கண்டுபிடிப்பது எப்படி என்று பல வருடமாக ஆராய்ந்தார். அவர் கணக்கில் பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய நான்கு எண்கள்தான். மூன்றுக்குப் பிறகு மறுபடியும் பூஜ்யம். ஆகவே ஆறு என்பது இரண்டு, ஒன்பது என்பது ஒன்று. அவர் குடியிருந்த ஷாதிபூர் வீட்டின் சொந்தக்காரர் மட்டும் வாடகையைப் பழைய முறையிலேயே எண்ணி வாங்கினார்.

மனைவி உமா மகேஸ்வரி தெற்கே, கப்பலில் போக வேண்டிய கேம்பல் பேயில் நர்ஸ். கல்யாணமானதிலிருந்து இருவரும் சேர்ந்து இருந்தது விடுமுறைகளில்தான். அந்த ஆண்டு உமாவுக்குப் போர்ட் பிளேருக்கு மாற்றல் வாய்ப்பு வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் எழுதித் தர வேண்டும். சுரேந்திரனின் வேலை நீட்டிக்கப்பட்டால் சம்மதிப்பது, இல்லையென்றால் அவரே உமாவிடம் போய்விடுவது என்று ஏற்பாடு. நீட்டிப்பு உத்தரவு வந்தது. அன்று பார்த்துக் கேம்பல் பேயில் நெட்வொர்க் போனது. கப்பல் மட்டும் இருந்தது.

ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் ஆராய்ச்சி செய்யாதவர்கள். சீட்டை ஊர் முழுக்கப் படித்த பிறகுதான் உமா கைக்கு வரும். தவிர, இப்படி ஒரு நாளுக்காகவே அவர் மனைவிக்கு ஒரு முறை சொல்லி வைத்திருந்தார். சம்மதி என்றால் ஒன்று, வேண்டாம் என்றால் மூன்று. மூன்று பயணிகளில் வயதில் இளையவர் அந்த எண்ணைக் கொண்டுபோவார். அடுத்தவர் அதன் இரு மடங்கை, மூத்தவர் மும்மடங்கை. ஒருவர் உளறினால் மற்ற இருவரோடு ஒத்துவராது.

போர்ட் பிளேரின் ஹேடோ துறைமுகத்தில், கேம்பல் பே திரும்பும் மூவரில் இளையவரான அங்கன்வாடி ஷீலாவிடம் ஒன்று, மளிகைக்கடை கணபதியிடம் இரண்டு, மூத்தவரான ஒப்பந்தக்காரர் பழனிசாமியிடம் மூன்று என்று சொல்லியனுப்பினார்.

கப்பல் கேண்டீனில் பழனிசாமி கேட்டார்: "ஏம்மா, வாத்தியார் உனக்கு என்ன நம்பர் குடுத்தாரு?"

"ஒண்ணு, அண்ணே."

"கணபதி?"

"நமக்கு ரெண்டு."

"அப்ப நான்தான் மூணாவதா? கேம்பல் பேல இத்தனை வருஷமா ரோடு போடுறேன். கோயில் கமிட்டில முதல் மரியாதை எனக்குத்தான். வாத்தியாருக்கு குச் மாலும் நஹி, ஒண்ணும் தெரியல."

"நீங்க போட்ட ரோடுதான் மழைக்கு முதல்ல போவுது," என்றார் கணபதி. "அப்படிப் பார்த்தா ஒண்ணு உங்களுக்குத்தான்."

"எடுத்துக்குங்க அண்ணே," என்றார் ஷீலா. "எனக்கு மூணே போதும்."

உமா சரிபார்த்தார். இளையவர் ஷீலா சொன்னது மூன்று. இரு மடங்கு ஆறு, அதாவது இரண்டு. கணபதி அதைத்தான் சொன்னார். மும்மடங்கு ஒன்பது, அதாவது ஒன்று. பழனிசாமி கம்பீரமாக ஒன்று என்றார். ஒரு பிசகும் இல்லை. மாற்றல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கணவர் வரப்போகிறார் என்று வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொன்னார்.

நெட்வொர்க் திரும்பியபோது அந்த இடம் வேறொரு நர்ஸுக்குப் போயிருந்தது.

"நான் சம்மதின்னுதானே அனுப்பினேன்," என்றார் சுரேந்திரன்.

"மூணு, ரெண்டு, ஒண்ணு. உங்க கணக்குல அச்சா உக்காந்துச்சு."

சுரேந்திரன் மூன்று எண்களையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தார். "இளையவரும் மூத்தவரும் நம்பரை மாத்திக்கிட்டா இந்தக் கணக்குக்குத் தெரிய ஏலாது."

"ஆறு வருஷம் இதத்தான் படிச்சீங்களா?"

சுரேந்திரன் நீட்டிப்பு உத்தரவைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த கப்பலில், மேல்தளத்தில், மறுபடியும் ஊர் திரும்பிக்கொண்டிருந்த பழனிசாமி அவரைப் பிடித்துக்கொண்டார்.

"வாத்தியாரே, உங்க சேதி பக்காவா போய்ச் சேர்ந்துச்சா?"

"சேர்ந்துச்சுங்க. அதான் நானே வாறேன்."