எஸ்னாத்துக்கு வந்த ஞாயிற்றுக்கிழமைச் செய்திகள்

ஹராரேயில் ஈமச்சடங்குக் காப்பீடு விற்கும் கம்பெனியில் போன் எடுப்பவள் எஸ்னாத். எழுதிக் கொடுத்ததை அப்படியே படிப்பதால் கூப்பிடுகிறவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

"நீ மனுஷியா, எந்திரமா?" என்றார் ஒரு கிழவர்.

"மனுஷிதான் ஐயா."

"அப்ப வணக்கத்துக்குக் கை தட்டு, கேப்போம்."

அவர்கள் ஊர்ப் பெண்கள் வணக்கம் சொல்லும்போது தட்டுவதுபோல் உள்ளங்கையைக் குவித்துத் தட்டினாள்.

"இதெல்லாம் பதிவு பண்ணி வெச்சிருப்பானுங்க. உன் குலம் என்ன?"

"மான் குலம்."

"அடடே, என் மாமியார் குலம்! அந்தக் குரலக் கேட்டதும் எழுந்து நின்னுட்டேன் பாரு. சரி, மனுஷிதான்."

பக்கத்து மேசைக்காரிகள் சிரித்தார்கள். அவளும்தான்.

ஆனால் வீட்டில் அதே சந்தேகம் அவளைத் தின்றது. இங்கிலாந்தில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் ஒரே மகன் ருகாரே ஞாயிறுதோறும் செய்தி அனுப்புவான். முன்பெல்லாம் அரை வரி. இப்போது அன்பு வழியும் பத்தி பத்தியான கடிதம். எழுதுவது அவன்தானா?

"நல்லாத் தூங்கினியா?" என்று கேட்டு அனுப்பினாள். நீங்கள் தூங்கியிருந்தால் நானும் தூங்கினேன் என்றுதான் அவர்கள் பக்கத்துப் பிள்ளைகள் பெற்றவளுக்குப் பதில் சொல்வார்கள். தாயை முந்திக்கொண்டு நன்றாகத் தூங்கினேன் என்று யாரும் சொல்வதில்லை.

"மிக அருமையாகத் தூங்கினேன், அன்பு அம்மா!" என்று உடனே வந்தது.

எஸ்னாத் அவனுக்குப் போன் போட்டாள். நெடுநேரம் கழித்து எடுத்தான்.

"ருகாரே, எனக்கு எழுதறது யாருடா?"

அந்தப் பக்கம் யாரோ கிழவி இருமினாள்.

"போன்ல ஒண்ணு இருக்கும்மா. அதுவே எழுதி அனுப்பிடும். எனக்கு எங்க நேரம்? ஒண்ணுமே வரலைன்னா நீ கவலப்படுவே."

"நிறுத்திடு."

"அப்புறம் வாரக்கணக்குல எதுவும் வராதும்மா."

"வராட்டிப் போகட்டும்."

அடுத்த ஞாயிறு எதுவும் வரவில்லை. ஒருத்திக்கு மட்டும் மக்காச்சோள மாவில் சட்ஸாக் களி கிண்டி, கீரையோடு தின்றுவிட்டுப் பாத்திரம் கழுவினாள். போனை இரண்டு முறை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமோ என்று தோன்றியது.

மூன்றாவது ஞாயிறு சாயங்காலம் போன் முனகியது.

"முதுகு வலிம்மா. படுக்கறேன்."

என்ன தைலம், எந்தப் பக்கம் வலி என்று கேட்க விரல் துடித்தது. கேட்டால் எழுந்துவிடுவான். போனைக் கவிழ்த்து வைத்தாள்.