கடைக்காரர் கழற்றித் தந்த அடாப்டர்

எங்கள் வீட்டில் கரண்டு ஒயர் வழியாகத்தான் மாடிக்கு நெட் வரும். அதற்கான இரண்டு அடாப்டர்களில் மாடியில் இருந்தது இன்று புகைந்துவிட்டது. மூன்று மணிக்கு ஆபீஸ் மீட்டிங்!

பக்கத்து டவுனான சித்தூரில் ஒரு கடையில் வேறு கம்பெனிதான் இருந்தது. வாங்கி வந்து மாட்டினேன். விளக்கு எரிந்தது, ஆனால் கீழே இருப்பதோடு சேரவில்லை.

எங்கள் ஊர் பெருமாட்டியிலிருந்து மறுபடி அதே கடைக்கு ஓடினேன். கடைக்காரர் புதியதன் அட்டையையும், நான் கொண்டுபோன புகைந்த அடாப்டரையும் படித்துப் பார்த்தார்.

"கம்பெனி வேறயா இருந்தாப் பரவால்லீங்க. ரெண்டும் ஒரே ஸ்டாண்டர்டா, ஒரே முறையில வேலை செய்யறதா இருக்கோணும்."

தன் கடையில் மாட்டியிருந்ததையே கழற்றிக் கொடுத்தார். "இது சேருமுங்க. மீட்டிங் முடிஞ்சதும் கொண்டாந்து குடுத்துருங்க."

அது மூன்றாவது கம்பெனி. பட்டனை அழுத்தியதும் சேர்ந்துகொண்டது. மீட்டிங்கும் நல்லபடியாக முடிந்தது.

நாலரைக்கு அவரே கூப்பிட்டார். "ஏனுங்க, கடையில நெட் இல்லீங்க. மீட்டிங் முடிஞ்சுதுங்களா?"

"இன்னும் ஓடுதுங்க" என்றேன்.

நீங்களாக இருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பீர்களா?